பதினான்காம் அறை விரிப்பு

பென்சான்ஸ். அக்டோபர்.
இரவெல்லாம் அட்லாண்டிக்
கதவை உதைத்தது.
விடிந்ததும் விடுதித் துணிகளை
உலர்த்தப் போட்டேன்.
பதினான்காம் அறை விரிப்பில் வந்து ஒட்டியது
ஒரு மோனார்க்.
பெயரில் அரசன்;
வலச் சிறகில் ஒரு கிழிசல்.

பக்கத்து வீட்டு ட்ரெகென்சா
செருப்பில்லாமல் ஓடி வந்தார்.
"மெக்சிகோ போக வேண்டியது" என்றார்,
யாரோ ரயில் மாறி ஏறிவிட்டதுபோல.

அங்கே மலைக்காட்டில்
கிளை வளைய வளையத் தொங்குமாம்,
குளிர் தீரும்வரை,
ஒன்றன்மேல் ஒன்றாய்.
இங்கே
கொடிக்கயிறு அசையவே இல்லை.

ஏழு பேர் கூடினார்கள்.
நாள், நேரம், காற்றின் திசை
குறித்துக்கொண்டு போனார்கள்.

நான்கு மணிக்கே வெயில் போயிற்று.
பதினான்காம் அறையிலிருந்து
மூன்றாம் முறை மணி.
மொடமொடவென்று காய்ந்திருந்த துணியைப்
பார்த்துக்கொண்டே சொன்னேன்:
இன்னும் ஈரம், ஐயா.