ஏறுகிற வண்டிக்கு வழி

அறுப்பின் பண்டிகை ஏலப்பணம்
நாலாயிரத்து எழுநூறு
என் வேதாகம உறையின் ஜிப்புக்குள்ளேயே இருந்தது.
மூன்று வாரமாய் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான்
ஆராதனைக்குப் போய் வந்திருக்கிறேன்.

கோயில்பிள்ளை எலீசாதான் எடுத்திருப்பான் என்று
கமிட்டி முன்னால் சொன்னவன் நான்.
அன்றைக்கு 'பான்' என்றுதான் வந்தது வாயில்.
முப்பத்தோரு வருஷம் வங்கியில்
ஒரு பைசா பிசகாத கை என்று
கையைத் தூக்கியும் காட்டினேன்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தார்,
சத்தம் வராதபடி.
மறுநாளே நாகலூருக்கு, மகள் வீட்டுக்கு
மலையேறிவிட்டார்.

சனிக்கிழமை ஸ்கூட்டரை எடுத்தேன்.
கோரிமேடு தாண்டும்போதே வாக்கியம் தயார்:
'மனிதர் எல்லாருமே தவறக்கூடியவர்கள், எலீசா.'
நல்ல வாக்கியம்.
எல்லாரையும் சேர்த்துக்கொள்ளும்,
என்னைத் தனியாகக் காட்டிக்கொடுக்காது.

மூன்றாம் வளைவில் அது கழன்று விழுந்தது.
ஒரு குரங்கு முகர்ந்து பார்த்துவிட்டுப் போனது.
ஏழாம் வளைவில்
'உங்கள் மனம் புண்பட்டிருந்தால்.'
இருந்தால்!
முதல் கியரில் போட்டும் அந்தச் சொல் ஏறவில்லை.
பத்தில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.
கீழே சேலம், வெள்ளைக்கல் சுரங்கத்து மேடுகள்.
என் பேர் வெட்டிய கிரானைட் பலகை
எந்த மதிலில் என்று தேடினேன்.
கோயிலே தெரியவில்லை.
பதினாறில் மூடுபனி.
இருபதில் மிஞ்சியது ஒரே ஒரு சொல்,
அதுவும் நாக்கில் சரியாக உட்காராமல்.

எலீசா சில்வர் ஓக் மரத்தின் மேலே இருந்தார்.
ஒற்றை மூங்கில் ஏணி, இடுப்பில் சாக்கு,
மிளகு பறித்துக்கொண்டு.
'வாங்க சார். ஏணியச் சித்தெ புடிச்சுக்கங்க,
அடி வழுக்குது.'

பிடித்தேன்.
அவருடைய உள்ளங்கால்
என் நெற்றிக்கு ஒரு முழம் மேலே.
வெடிப்புக்குள் காப்பித் தோட்டத்து மண்.
இருபத்தெட்டு வருஷம் எங்களுக்கு மணி அடித்தவரை
இந்தப் பக்கத்திலிருந்து நான் பார்த்ததில்லை.

தூசி கண்ணில் விழுந்தது. துடைக்க முடியாது.
கையை எடுத்தால் அவர் விழுவார்.
அப்படியே சொன்னேன்.
'என்ன சார்? காத்துல கேக்கல.'
இன்னும் கொஞ்சம் சத்தமாக.
'கேக்கலைங்க.'
கத்தினேன்:
பணம் என்கிட்டதான் இருந்துச்சு!
உங்க மேல பழி போட்டேன்! மன்னிச்சிருங்க!

அடுத்த வரிசையில் பறித்துக்கொண்டிருந்த பெண்கள்
கையை நிறுத்தினார்கள்.
இவர்களுக்கு என்னைத் தெரியாது
என்று ஒரு நிம்மதி வந்தது.
வந்த நிம்மதியைப் பார்த்து வெட்கம் வந்தது.

மேலே வெகுநேரம் பேச்சில்லை.
ஒரு மிளகுச் சரம் மட்டும் அறுந்து
என் தோளில் தொங்கியது.
பிறகு,
'மொதல்லயே கேட்டுச்சு சார்.'
சிரித்தாரா, தெரியவில்லை.
'இன்னும் மூணு மரம் இருக்கு.'

மூன்றுக்கும் பிடித்தேன்.
கொண்டுபோன சாவிக்கொத்தை அவர் தொடவில்லை.
'எங்க வச்சு சொன்னீங்களோ
அங்க வச்சு சொல்லிட்டுக் கொண்டாங்க.'

இறங்கும்போது கமிட்டியில் பேசிப் பார்த்தேன்.
பதினோராம் வளைவுக்குள்
குரல் எங்கே தழுதழுக்க வேண்டும்,
எங்கே ஒரு நிமிஷம் நிறுத்த வேண்டும்,
யார் முதலில் கண்ணைத் துடைப்பார்கள்
எல்லாம் முடிவாகிவிட்டது.

அப்போதுதான் ஹாரன்.
ஏற்காடு பஸ், வளைவு முழுக்க அடைத்துக்கொண்டு.
மலைச்சாலையில் ஒரு சட்டம் உண்டு:
ஏறுகிறவனுக்கு
இறங்குகிறவன் ஒதுங்க வேண்டும்.
சாக்கடையில் ஒரு காலை இறக்கி நின்றேன்.
ஓட்டுநர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆண்டவரே,
இன்னும் பத்து வளைவு இருக்கிறது.
எதிரே வண்டிகளை அனுப்பும்.