என்ன ஆளுங்க

லிஃப்டுக்குள் ஒரு தகடு இருக்கும்,
பார்த்திருப்பீர்கள்.
எட்டு ஆள். ஐந்நூற்று நாற்பத்து நான்கு கிலோ.
என்ன ஆள் என்று அதில் போட்டிருக்காது.
பதினோரு வருடமாக அந்தத் தகட்டைத்தான்
துடைத்துக்கொண்டிருக்கிறேன்.

பள்ளிக்கரணையில் பதினாலு மாடி.
கயிறு மாற்றி, கிரீஸ் வைத்து,
வெறும் பெட்டியை நாலு தடவை ஏற்றி இறக்கிக்
கையெழுத்து வாங்கியதும்
செயலாளர் சொன்னார், ரொம்ப மரியாதையாக:
"தம்பி, நீங்க சர்வீஸ் லிஃப்ட்ல போயிடுங்க."
சர்வீஸ் லிஃப்ட் ஓடவில்லை.
அதைச் சரிபண்ணத்தான்
நாளைக்கும் வரச் சொல்லியிருந்தார்.
பதினாலு மாடியும் நடந்து இறங்கினேன்.

வாடகைக்கு வீடு பார்த்த இடங்களில்
யாரும் நேராகக் கேட்டதில்லை.
மன்னார்குடியா! ஓர் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.
டவுனேவா, பக்கமா?
பக்கம்.
எந்தப் பக்கம்?
கோரையாற்றுக்குத் தெற்கே.
கோயிலை ஒட்டியா, கொஞ்சம் தள்ளியா?
இப்படியே கைபிடித்துக் கூட்டிப்போய்
எங்கள் தெருமுனையில் என்னை நிறுத்திவிட்டுக்
கதவைச் சாத்தினார்.
அட்வான்ஸ் யாரோ கொடுத்துவிட்டார்களாம்.

ஊரில் இந்தச் சுற்றுவழி கிடையாது.
என் பைக்குக்கு முன்னால்
என் அப்பன் பெயர் ஓடுகிறது.
டீக்கடையில் இப்போது எல்லாருக்கும் பேப்பர் கப்.
மேலத்தெரு ஆட்களுக்கு மட்டும் கண்ணாடி கிளாஸ்,
டீ ஆறிவிடக் கூடாதாம்.
எங்களுக்கு ஆறலாம்.

"மெட்ராஸ்ல எவன் பாக்கறான் இதெல்லாம்?"
மதியரசு கேட்கிறான், கொஞ்சம் பொறாமையோடு.
தை பிறந்ததும் மன்னை எக்ஸ்பிரஸில் ஏறப் போகிறான்.
புதுப் பை வாங்கியிருக்கிறான்.
நான் பையின் ஜிப்பை இழுத்துப் பார்த்து
நல்ல பை என்றேன்.

இந்த ஐப்பசியில் தாளடி நடவுக்கு
வங்காளத்திலிருந்து இருபத்திரண்டு பேர்.
கயிறு கட்டி, பின்னாலேயே நகர்ந்து,
ஒரு பொழுதில் மூன்று மா முடித்தார்கள்.
எங்கள் தெருப் பெண்கள் வரப்பில் நின்று பார்த்தார்கள்,
கூலி போன கோபமும்
கைவேகம் பார்த்த வியப்பும் கலந்து.
என் சித்தி காறித் துப்பினாள்: இந்திக்காரனுங்க.
அவர்கள் பேசுவது இந்தி இல்லை என்று
அவளுக்குச் சொல்லவில்லை நான்.

நிலக்காரர் கூப்பிட்டனுப்பினார்.
"டேய், ஒனக்குத்தான் இந்தி வருமே.
இவனுங்க என்ன ஆளுங்கன்னு கேளு.
மோட்டார் தொட்டியில குளிக்கலாமான்றானுங்க."
அந்தத் தொட்டியில் நான் குளித்ததில்லை.
அது நிரம்பி வழிந்து ஓடும் வாய்க்காலில்
குளித்திருக்கிறேன்.

என் இந்தி லிஃப்ட் பள்ளத்தில் கற்ற இந்தி.
பிடி. விடு. மேலே. கீழே.
இந்தக் கேள்விக்கு அது போதுமாக இருந்தது.

மேஸ்திரி பெயர் நிமாய் மண்டல்.
முழங்கையில் சேறு காய்ந்து வெடித்திருந்தது.
கேள்வி அவர் கேட்டது,
அவன் பார்த்தது என்னை.
மாவட்டம் சொன்னான்.
பிறகு ஓர் ஆற்றின் பெயர்.
பிறகு ஆற்றுக்கு இந்தப் பக்கம் என்று கைகாட்டினான்.
அந்தப் படிக்கட்டு எனக்குத் தெரியும்.

"என்னடா சொல்றான்?"
"நல்ல ஆளுங்கதானாம்" என்றேன்.
"அப்ப சரி" என்று எழுந்து போனார்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தேன்.
மதகு தாண்டும்போது உறைத்தது:
அவன் இன்னும் சொல்லி முடித்திருக்கவில்லை.
முடித்திருக்கலாமே என்று இருந்தது எனக்கு.
மேலேயா, கீழேயா.
சும்மா, தெரிந்துகொள்ள.
அந்த அம்மாவும் சும்மாதான் கேட்டிருப்பார்.

மறுநாள் விடியலில் அந்த வழியாகப் போனேன்.
தொட்டி நிறைய ஆட்கள்.
நுரை, சிரிப்பு, ஒருத்தன் தலையை
இன்னொருத்தன் அமுக்குகிறான்.
தகடு மாட்டியிருந்தால் எட்டைத் தாண்டியிருக்கும்.
நிமாய் என்னைப் பார்த்துக் கையசைத்தான்:
வா, இறங்கு.

குளித்தாயிற்று என்றேன், தமிழில்.
தலை காய்ந்திருந்தது
அவனுக்குத் தெரிந்திருக்கும்.