எதிர்எடை

சுப்பீரியர் ஏரியிலிருந்து கப்பல் மூன்று முறை ஊதினால்
நான் பாலத்தைத் தூக்க வேண்டும்.
பதினேழு வருடமாக இதுதான் வேலை.
எண்ணூறு டன் இரும்பு
ஒரு சின்ன மோட்டாருக்கு அடங்கி எழுகிறதென்றால்
அது மோட்டாரின் பலம் இல்லை.
இரண்டு கோபுரத்திலும் கான்கிரீட் கட்டிகள் இறங்குகின்றன,
அதனால் இது ஏறுகிறது.

என் அறைக்கு நாற்பத்தெட்டு படி.
ஆபரேஷனுக்கு முன்பு மூன்று இடத்தில் நிற்பேன்.
அடுத்த வருடம் நிற்கவே இல்லை.
கப்பல் இல்லாத ஜனவரியில் ஒருநாள்
ஓடியே ஏறினேன், பார்க்க ஒருவரும் இல்லை.
இப்போது முப்பதாவது படியில்
கைப்பிடியின் உறைபனியைச் சுரண்டுகிறவள் போல
நிற்கிறேன்.

ஒன்பது வருடத்துக்கு முன்
வயிற்றைக் கோழிமுட்டை அளவுக்குத் தைத்தார்கள்.
ஒரு கரண்டி தயிர். போதும், போதும்.
நூற்று முப்பது பவுண்டு போனது.
எங்கே போனதென்று நான் கேட்கவில்லை.
வீட்டைவிட்டுப் போன கெட்ட புருஷனை
யார் விசாரிப்பார்கள்?

அது வழியை நினைவில் வைத்திருந்தது.

விருந்தில் வரவில்லை, பண்டிகையில் வரவில்லை.
இரவுப் பணியில் வந்தது,
உப்பு பிஸ்கட்டாக, நாலு, பிறகு இன்னும் நாலு.
இறைச்சி தொண்டையில் நிற்கும்,
ரொட்டி நெஞ்சில் கல்லாகும்,
ஐஸ்கிரீம் மட்டும்
சோதனைச் சாவடியில் தெரிந்த ஆள் போல
சிரித்தபடி உள்ளே போகும்.
குண்டுமணி குண்டுமணியாக
எழுபத்தோரு பவுண்டு.

இரண்டு முறை சிறிதாக்கிய கல்யாண மோதிரத்தைப்
போன மாதம் சோப்பு போட்டு உருவினேன்.
வெண்டெல் பார்த்தான், ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருக்கலாம்.

மளிகைக் கடை ஆர்டிஸ்,
அன்றைக்கு என்னைக் கட்டிப்பிடித்துப்
பாதி ஆளாயிட்டியே லவோன் என்று கத்தியவள்,
இப்போது என் தள்ளுவண்டியைப் பார்க்காமலிருக்க
வானிலை பேசுகிறாள்.
எங்கள் ஊரில் வானிலைக்குப் பஞ்சமில்லை.

போன வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனேன்,
மூன்று வருடம் தட்டிக்கழித்த பிறகு.
நடைவழிச் சுவரில் இன்னும் தொங்குகிறது என் படம்.
இடப்பக்கம் பழையவள்.
வலப்பக்கம், அந்தப் பழையவளின் கால்சட்டையில்
ஒற்றைக் காலுக்குள் முழுசாக நின்று சிரிக்கிறவள்.
அடியில் ஒரு பையன், இருபத்தைந்து இருக்கும்,
மடியில் ஆபரேஷன் காகிதங்கள்.
படத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான்.
"உங்க தங்கச்சியா?"
ஆமாம் என்றேன்.
"இப்போ எப்படி இருக்காங்க?"

என்ன சொல்ல.
நடக்கிறாள் என்றேன். சர்க்கரை வியாதி திரும்பவில்லை.
கொஞ்சம் சதை திரும்பிவிட்டது.
"செஞ்சதுக்கு வருத்தப்படறாங்களா?"

அதற்குள் செவிலி கதவைத் திறந்து அழைத்தாள்:
லவோன் ஆஸ்ட்பி.
படத்தின் அடியில் அச்சடித்திருக்கும் அதே பெயர்.
அவன் காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டான்.
நான் உள்ளே போய்
பூட்ஸ் கழற்றினேன், கடிகாரம் கழற்றினேன்,
காதுத் தோட்டைக்கூடக் கழற்றினேன்.

வசந்தத்தில் பாலத்துக்குப் பொறியாளர் வந்திருந்தார்.
தூக்கும்போது மோட்டார் முனகுகிறதென்று
எழுதிப்போட்டவள் நான்தான்.
அளந்து பார்த்து, ஒன்பது டன் கூடியிருக்கு என்றார்.
யார் செய்த தப்பு என்று கேட்டேன்.
அவருக்குக் கேள்வியே புரியவில்லை.
"பெயிண்ட். பூச்சுக்கு மேல பூச்சு.
வெளியில நிக்கிற எதுவும் இப்படிக் கூடத்தான் செய்யும்."
கோபுரத்து எதிர்எடைப் பெட்டியில்
இதற்கென்றே இடம் விட்டுத்தான் கட்டியிருக்கிறார்களாம்.
இரண்டு நாள் இரும்புக் கட்டிகளை அடுக்கினார்கள்.
பாலத்தை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்குள் அப்படி இடம் விட்டுத் தைத்தார்களா,
தெரியாது.

நேற்றிரவு கப்பல் ஊதியபோது
அவித்த முட்டையில் பாதி தின்றிருந்தேன்.
மீதியை வைத்துவிட்டு நெம்புகோலைத் தள்ளினேன்.
முனகாமல் எழுந்தது.
கப்பல் போனது. பாலத்தை இறக்கினேன்.
மீதி முட்டையைத் தின்றேன்.
பிஸ்கட் டப்பாவைத் திறந்தேன்,
மூடினேன்.
அடுத்த கப்பல் நாலரைக்கு.