வேடிக்கை பார்க்க ஒருவர்

மே பதினேழு.
நார்வே முழுக்கக் கொடி பிடிக்கும் நாள்.
ஸ்கார்வெய்த் தீவிலும் பிடித்தாக வேண்டும்.
பள்ளியில் பிள்ளைகள் பதினொன்று,
ஆசிரியர்கள் நானும் யோருனும்,
முரசு ஒன்று, கார்னெட் ஒன்று,
மூச்சு வாங்கும் அக்கார்டியன் ஒன்று.

முரசுக்குப் புதுத்தோல் போட்டது இந்த மார்ச்சில்.
காட் மீன் வந்து குவிகிற மாதம்.
பள்ளி விட்டதும் பிள்ளைகள்
நேரே மீன்கொட்டகைக்குப் போவார்கள்.
பலகையில் நிமிர்ந்த ஆணியில் தலையைக் குத்தி
ஒரே வெட்டு. நாக்கு தனியே.
கிலோக் கணக்கில் விற்ற காசில்
ஆளுக்கொரு பங்கு முரசுக்கு.
அதனால்தானோ என்னவோ
அதை அடிக்கும்போதெல்லாம் எனக்கு உப்பு வாடை.

ஊர்வலம் பள்ளியில் தொடங்கி
படகுத்துறை தொட்டு, தேவாலயம் சுற்றி
பள்ளியிலேயே முடியும்.
படகுக்காரர் ஹால்கெய்ர், கடைக்காரி ஓஸ்லௌக்,
தொட்டில் வண்டிகள், இரண்டு நாய்கள்,
எல்லாரும் பின்னால் நடப்பார்கள்.
எல்லாரும் என்றால் எல்லாரும்.
ஓரமாய் நின்று பார்க்க
காய்கிற மீன்தலைகளைத் தவிர யாரும் மிஞ்சுவதில்லை.
அவை வாயைப் பிளந்தபடி
ஆயிரக்கணக்கில் தொங்கும்.
கூப்பாடு போடத்தான் நாக்கில்லை.

ஆறு வருடம் முன்பு
சீவெர்ட் வரமாட்டேன் என்றான். ஏழு வயது.
கைக்கொடியை மடியில் வைத்துக்கொண்டு
மீன்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான்.
காய்ச்சலா? இல்லை.
யாரோடாவது சண்டையா? இல்லை.
"நான் ஊர்வலத்தைப் பார்த்ததே இல்ல," என்றான்.
"எப்பவும் அதுக்குள்ளயே இருக்கேன்."

பதில் தெரியவில்லை. நடந்தோம்.
பெட்டியை நெருங்க நெருங்க
ஹால்கெய்ர் பையிலிருந்து கையை எடுத்தார்.
ஓஸ்லௌக் சால்வையைச் சரிசெய்தாள்.
கார்னெட் பிசிறில்லாமல் ஊதியது, அதிசயமாய்.
ஒரு பொடியன் பார்க்கிறான் என்று
ஒரு தீவே முதுகை நிமிர்த்தியது.
அவன் எழுந்து நின்று "ஹுர்ரா" என்றான்.
ஒற்றைக் குரல்.
காற்று அதிலும் பாதியைத் தின்றது.

அடுத்த வாரம் மாணவர் மன்றக் குறிப்பேட்டில்
எல்ட்ரிட் எழுதினாள்:
இனி வருடா வருடம் சீட்டுக் குலுக்கி
ஒருவர் பார்வையாளர்.
பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் சீட்டு உண்டு.
பார்வையாளர் போன் பார்க்கக் கூடாது.
மழை வந்தாலும் இடத்தை விட்டு ஓடக் கூடாது.

போன வருடம் சீட்டு விழுந்தது
ஃபில்மோனின் அம்மாவுக்கு.
எரித்ரியாவிலிருந்து வந்து எட்டு மாதம்,
மீன் ஆலையில் இரவு வேலை.
ஹுர்ரா வாயில் வரவில்லை.
குலவையிட்டார்.
கடற்பறவைகள் மொத்தமாய்க் கிளம்பி
மலைக்குப் போய்விட்டன.
"குலவையும் செல்லும்" என்று
குறிப்பேட்டில் ஒரு வரி ஏறியது.

இந்த வருடம் என் பெயர்.

பெட்டி குளிர்ந்து கிடந்தது.
மே மாதம் என்ற வெட்கமே இல்லாமல்
பனி தூறியது.
முதலில் முரசு. பிறகு வளைவில் பதாகை.
உள்ளே நடக்கும்போது நீளமாகத்தான் இருக்கும்:
முன்னால் முதுகுகள், பின்னால் காலடிகள்.
இங்கிருந்து பார்த்தால்
இரண்டு படகுக்கொட்டகைகளுக்கு நடுவே
மொத்தமும் அடங்கிவிட்டது.
எண்ணக் கூடாது என்றுதான் இருந்தேன்.
பதினொன்று.
சீவெர்ட் அடம்பிடித்த வருடம் பத்தொன்பது.
ஹுர்ரா சொல்ல வாயைத் திறந்தேன்,
திறந்தபடியே இருந்தது,
எதிரே தொங்குகிற தலைகளைப் போல.
கடந்து போய்விட்டார்கள்.

பதாகை சுமந்தவன் சீவெர்ட்.
பதின்மூன்று வயது, குரல் உடைகிற நேரம்.
தேவாலயத் திருப்பத்தில் நின்றான்.
"சார் சத்தமே போடலை," என்று
அவன் சொன்னது கீச்சும் கரகரப்புமாய்
என் காதுவரை வந்தது.
வரிசை குழம்பி, முட்டிமோதி,
தொட்டில் வண்டி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறி,
மறுபடி முரசு, முதல் அடியிலிருந்து.

எழுந்த வேகத்தில்
பெட்டி ஆணியில் கால்சட்டை கிழிந்திருக்கிறது.
ஐஸ்கிரீம் வரிசையில் நிற்கும்போது
யோருன் சொல்லித்தான் தெரியும்.