கோரோசனை

மாட்டின் பித்தப்பை கைக்கு வந்ததும்
குலுக்கிப் பார்ப்போம்.
நூறில் ஒன்றோ இரண்டோ பதில் சொல்லும்,
நனைந்த கிலுகிலுப்பை போல.
சல்லடைமேல் வைத்துக் கீறி, பச்சைநீர் வடியவிட்டு
ஒயார்சூனைக் கூப்பிட வேண்டும்.
மேற்பார்வையாளர். கையுறையோடு வருவார்,
நகைக்கடைத் தராசோடு.
தங்கத்தைவிட விலை அதிகமாம்.
தகரப் பெட்டி, இரட்டைப் பூட்டு,
கப்பலேறி எந்த ஊரிலோ யாருக்கோ மருந்து.
வேலை முடிந்து போகையில்
வாசலில் எங்கள் பைகளைத் துழாவுவார்கள்.

மார்ச் மாதத்திலிருந்து
தினமும் ஐந்து கற்களைக் கடத்திப் போகிறேன்.

ஸ்கேன் எடுத்த பெண் திரையில் புள்ளி வைத்து எண்ணினாள்.
பெரியது பதினெட்டு மில்லிமீட்டர்.
மில்லாகூரா, ஒத்திலியா, என்று என் பெயரை உரக்கப் படித்தாள்.
அப்பா பேசிய மொழியில்
மில்லா என்றால் பொன், கூரா என்றால் கல்.
அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

வலி வந்தது மொத்தம் மூன்று தரம்.
முதலில், கொழுப்போடு சுட்ட பன்றிக்கறிக்குப் பிறகு.
அடுத்தது வெறும் ரொட்டிக்கே.
மூன்றாவது, குளியலறைத் தரையில் மண்டியிட்டிருந்தபோது,
வலது தோள்பட்டைக்குப் பின்னால் கொக்கி மாட்டி
யாரோ மேலே இழுத்தார்கள்.
கொக்கிகளைப் பற்றி எனக்குத் தெரியும்.
விடியுமுன் இறக்கிவிட்டார்கள்.
அதன்பின் நாற்பது நாள், ஒன்றுமே இல்லை.
அந்த நாற்பது நாள்தான் என்னைக் குழப்புகிறது.

சும்மா கிடக்கிற கல்லை ஏன் கிளறுவானேன்
என்கிறான் நிபால்தோ. போல்தோ இலை கொதிக்கவைத்துத் தருகிறான்,
கசக்கிறது, குடிக்கிறேன்.
அத்தை மஞ்சளாகிச் செத்ததை மறந்துவிட்டாயா
என்கிறாள் தங்கை.
எனக்கு நாற்பத்தெட்டு. அத்தைக்கு ஐம்பத்தொன்று.
இருவர் சொல்வதும் உண்மைதான்.
என் சூப் ஆறுகிறது.

குடல் கழுவும் பிரிவு ருப்பெர்த்தோவின் மனைவி
ஒரு ஜாடியோடு வந்தாள்.
மூன்று நாள் ஆப்பிள் சாறு,
நான்காம் இரவு எலுமிச்சையும் ஆலிவ் எண்ணெயும்,
காலையில் நாற்பத்திரண்டு கல், பார், கத்தியே வேண்டாம்.
பச்சையாக, பட்டாணி அளவில்.
ஒன்றை எடுத்து விரலால் அழுத்தினேன், நசுங்கியது.
குழாயடியில் தேய்த்தேன், நுரைத்தது.
குடித்த எண்ணெய்தான் சோப்பாகி வந்திருக்கிறது.
சொல்லியிருக்கலாம்.
அவள் முகம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் ஸ்டூக்ராத்துக்கு முப்பத்தைந்து இருக்கும்.
நான்கு துளை, ஒரு இரவு, இரண்டு வாரம் பாரம் தூக்கக் கூடாது.
வேண்டாமென்றாலும் உங்கள் விருப்பம்,
திரும்ப வரலாம், வராமலும் போகலாம், என்றாள்.
படிவத்தை என் பக்கம் திருப்பினாள்.

எங்கே பிடிப்பீர்கள், என்று கேட்டேன்.
எதை?
பையை.
சிரிக்கப் பார்த்தாள். என் கைகளைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவில்லை.
நுனியைப் பிடித்து மேலே தூக்குவேன்,
கழுத்தில் கிளிப் போட்டு வெட்டுவேன்,
பிறகு ஈரலிலிருந்து மெல்ல உரிப்பேன்,
காற்றில் விரல்களால் காட்டினாள். மணிக்கட்டு அசையவில்லை.
நாங்களும் அப்படித்தான். ஒரு சொட்டு சிந்தினால்
ஈரல் முழுக்கக் கசப்பு, சம்பளத்தில் பிடிப்பார்கள்.

கிழிந்தால்?
கிழிந்திருக்கிறது, என்றாள். கழுவினேன். கற்களைத் தேடிப் பொறுக்கினேன்.
எத்தனை முறை?
ஜன்னலுக்கு வெளியே மழையைப் பார்த்துக்
கணக்குப் போட்டாள். ஒன்பது.

எனக்கு இருபத்தாறு வருடத்தில் பதினொன்று.

பேனா கேட்டேன்.

திங்கட்கிழமை, ஒயார்சூனிடம் விடுப்புச் சீட்டு.
இரண்டு வாரமா, எதற்கு?
கல், என்றேன்.
பாவம், அவர் கண்
தானாகவே போய்ப் பூட்டைப் பார்த்தது.