குளிர் கொடுத்தல்

நோர்வேயிலிருந்து சூசைதாசன் வந்தபோது
காலுறை ஒன்றுக்குள் ஒளித்துக் கொண்டுவந்தான்
கோதோடு பத்து ஹேசல் கொட்டை.

இரண்டைப் பாக்குவெட்டியால் உடைத்தோம்.
ஒன்று நசிந்துபோனது.
மற்றதை நாலாய்ப் பிரித்துத் தின்றோம்:
வறுத்த கச்சானும் முற்றாத தேங்காயும்
ஒரே வாய்க்குள் சண்டை பிடித்த மாதிரி.

மிச்சம் எட்டையும் செலஸ்ரினா
ஈர மணலோடு மைலோ ரின்னில் போட்டு
பிறிட்ஜில், சூடை மீனுக்குப் பக்கத்தில் வைத்தாள்.
"மூண்டு மாசம் குளிரில கிடந்தால்தான்
முளைக்கிற நினைப்பே அதுக்கு வருமாம்."
கரண்ட் போன இரவுகளில்
மயிலிட்டியிலிருந்து ஐஸ் கொண்டுவந்தேன்.
ஐஸ் உடைக்கிறவன் வீட்டில்
மலிந்தது அதுதான்.

ஏழில் பூஞ்சணம்.
ஒன்று கண் திறந்தது.

இளவாலைச் செம்மண்ணில், கிணற்று வாய்க்காலோரம்
வாழை நிழலில் வைத்தோம்.
அடியில் சுண்ணாம்புக்கல். அது அதற்குப் பிடிக்குமாம்.
கச்சான் காற்றுத்தான் பிடிக்காது.
கச்சான் ருசி என்று சொன்ன வாயாலேயே
ஆடி முழுக்கக் கச்சானைத் திட்டினோம்.
இலை விளிம்பு அப்பளமாய்ப் பொரிந்தது.

மார்கழியில்
மீன் லொறியில் மிஞ்சிய ஐஸ்தூளை
வேரைச் சுற்றிப் பரப்புவேன்.
செதிலும் இரத்தமும் கலந்த குளிர்.
"மரத்துக்குக் காய்ச்சலோ?"
மதிலால் எட்டிக் கேட்டா ஞானசவுந்தரி.
பூனைகள் முறைவைத்துக் காவலிருந்தன.

ஏழாம் வருஷம், தை பதினொன்றோ பன்னிரண்டோ,
கொப்பில் மயிர்க்கொட்டி தொங்குகிறதென்று
ஈர்க்குமாற்றை ஓங்கிவிட்டேன்.
செலஸ்ரினா கையைப் பிடித்தாள்.
மயிர்க்கொட்டி இல்லை. பூ.
தட்ட, மஞ்சள் தூள்
என் சேட்டில், அவள் தலையில்.

வட்ஸப்பில் படம் போனது.
சூசைதாசன் பனிக்குள் நின்று சொன்னான்:
"இதுகள் தனிய நிண்டு காய்க்காது அத்தான்.
வேறை இனம் ஒண்டு கிட்ட நிக்க வேணும்.
மிச்சத்தைக் காத்துப் பாக்கும்."
தனிமரம் தோப்பாகாது, தெரியும்.
காயும் ஆகாதென்று
ஏழு வருஷமாய் ஏன் சொல்லவில்லை?
கிட்ட என்றால் எவ்வளவு கிட்ட?
அவன் வீட்டுப் பின்னால் நிற்கிறதே ஒன்று,
அது கணக்கில்லையா?

அடியிலிருந்து புதிசு புதிசாய்த் தடி எழும்ப
சும்மா நிற்கவிட மனமில்லாமல்
செலஸ்ரினா பயிற்றங்கொட்டை ஊன்றிவிட்டாள்.
இன்று மத்தியானம்
ஹேசல் மரத்தில் ஆய்ந்த பயிற்றங்காய்ப் பால்கறி.

மைலோ ரின் கழுவிக் கவிழ்த்திருக்கிறது.
பங்குனியில் வாறானாம்.
இந்தமுறை
இரண்டு காலுறையும் என்று சொல்லியிருக்கிறாள்.