முதல் எழுத்து

தேவாலயத்துத் தட்டச்சுப் பொறியில்
ஒரே ஓர் எழுத்து விழாது,
'பாலம்' என்ற சொல்லில் முதலாவதாக நிற்கும்
அதே எழுத்து.
ஒவ்வொரு மனுவிலும் அந்த இடத்தைக் காலியாக விட்டுப்
பிறகு பேனாவால் நிரப்புவேன்.
பதினேழு ஆண்டுகளில் எத்தனை மனு என்று
லேமுவேல் கிரிம்ஸ் கணக்கு வைத்திருந்தார்.
நான் வைக்கவில்லை.

அலபாமாவின் செம்மண்ணை அறுத்துக்கொண்டு
பிக்கெட் ஓடை.
இந்தக் கரையில் நாங்கள்.
மருத்துவமனை அந்தக் கரையில்,
தபால் வண்டியும் அங்கேயே திரும்பிவிடும்.
மழை பிடித்தால் பலகைகள் மூழ்கும்.
இடுப்பு வலி கண்டவளை
பதினோரு மைல் சுற்றித் தூக்கிப் போக வேண்டும்.
என் அக்கா கோராலீ
எட்டாவது மைல்வரை பேசிக்கொண்டுதான் வந்தாள்.

போரில் பாலம் கட்டியவர் அவர்.
கேட்டால்தான் சொல்வார்,
கேட்டாலும் பாதிதான்.
ரைன் நதி, மார்ச் மாதக் குளிர்,
மிதவையோடு மிதவை கோத்து
ஒரே இரவில் ஆயிரம் அடி.
டாங்கிகள் போயின.
சமையல் வண்டி போயிற்று.
வெள்ளைப் பட்டாளம் நடுப்பாலத்தில் நின்று
படம் எடுத்துக்கொண்டது.
"நீங்கள்?" என்றேன்.
"நங்கூரக் கயிற்றை யாராவது
பிடித்திருக்க வேண்டுமே" என்று சிரித்தார்.
அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்காது.

எங்கள் ஓடை அறுபத்திரண்டு அடி.

கவுண்டி ஆணையரின் மேஜைமேல்
தான் வரைந்த படத்தை விரித்தார்.
ஆணையர் அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தார்.
"நாளைக்கு வா, பையா."
பையனுக்கு அப்போது நாற்பத்தொரு வயது,
விலா எலும்பில் ஜெர்மன் இரும்பு.
வெளியே வந்து, காப்பி வட்டத்தைத் துடைக்காமல்
படத்தைச் சுருட்டினார்.
"ஓட்டு இல்லாதவனின் ஓடைக்கு
நீளம் கிடையாது" என்றார்,
என்னிடமா, தனக்கா தெரியவில்லை.

அதற்குப் பிறகு மனுக்களோடு மனிதர்களையும்
கூட்டிப்போனார்,
சனிக்கிழமைச் சட்டை போட்ட பஞ்சுக்காட்டுக்காரர்களை,
இருவர் இருவராக.
நீதிமன்ற வாசலில் எத்தனை படி என்று
பதிவு குமாஸ்தா கேட்பாராம்.
முந்தின மாலையே போய் எண்ணி வைத்தார் லேமுவேல்.
மறுநாள் கேள்வி மாறியிருந்தது.
அடுத்த மாதம்
தூண்களையும் ஜன்னல்களையும்
கூரையில் உட்கார்ந்த புறாக்களையும்கூட எண்ணினார்.

நல்ல மனிதர் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.
கடிதத்தில் ஒரு காற்புள்ளி பிசகினால்
என்னைக் கத்துவார்.
அவர் மனைவி ட்ரெஸ்ஸி
ஒரு ஞாயிற்றுக்கிழமை டெட்ராய்ட் பேருந்தில் ஏறினாள்.
"ஓடையைக் கட்டிக்கொண்டவருக்கு
இன்னொருத்தி எதற்கு?"
அன்று மாலையும் கூட்டம் நடத்தினார்.
யாரோ சுட்டதில் முன்ஜன்னல் போயிற்று,
அட்டை ஒட்டினார்,
அந்த அட்டையிலும் ஓடையின் வெள்ள மட்டங்களை
எழுதி வைத்தார்.

பதினேழாம் ஆண்டு
ஓட்டுகள் எண்ணுமளவுக்கு வந்துவிட்டன.
கான்கிரீட் வந்தது. இரும்பு வந்தது.
ஆணையருடைய மாமனாரின் பெயர்
பித்தளைத் தகட்டில் வந்தது.

ரிப்பன் வெட்டிய அன்று
லேமுவேலைக் காணோம்.
முதல் கார், இரண்டாவது கார்,
எங்கள் பாதிரியாரின் பழைய லாரி.
குழந்தைகள் அக்கரைக்கும் இக்கரைக்குமாக ஓடினார்கள்,
ஓடுவதற்கென்றே.
நான் கைப்பிடியில் குனிந்து பார்த்தேன்.
கீழே, இடுப்பளவு தண்ணீரில்,
ஒரே ஒரு நல்ல கோட்டோடு நின்றிருந்தார்.
உள்ளங்கை பாலத்தின் அடிவயிற்றில்.
மேலே ஒவ்வொரு சக்கரம் போகும்போதும்
கண்ணை மூடினார்.

அழுதாரா என்று பிறகு பலர் கேட்டார்கள்.
நனைந்த முகம், நான் என்ன கண்டேன்.
கரையேறி வந்து
சப்பாத்தைக் கழற்றிக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டினார்.

"வடகரைச் சுவரில் மயிரிழை விரிசல்.
காகிதம் இருக்கிறதா, வெர்னெல்?"